நார்த் ஹோர்: மழையோடு நகரும் ஒரு தொகுதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்யாவின் வடக்கில் உள்ள நார்த் ஹோர் தொகுதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. எங்கே இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள், ஒட்டகம் மேய்ப்பவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளமாக வந்துவிட்டன, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், நார்த் ஹோர் எங்கே இருக்கிறது?

கென்யா வரைபடத்தில் மேலே, எத்தியோப்பிய எல்லையை ஒட்டி, துர்கானா ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து தொடங்கி, மார்சபிட்டிலிருந்து மொயாலேவுக்குப் போகும் நெடுஞ்சாலை வரை பரந்து கிடக்கிறது. நிர்வாகக் கணக்கில் மார்சபிட் கவுன்டியின் (தனி அரசும் ஆளுநரும் உள்ள மாகாணம் மாதிரியான பிரிவு) நான்கு தொகுதிகளில் ஒன்று. மற்ற மூன்று மொயாலே, சாக்கு, லைசமிஸ். சாக்கு என்பது மார்சபிட் மலையும் அதைச் சுற்றிய நகரமும், கொஞ்சம் பசுமையான இடம். நார்த் ஹோர் அந்த மலையிலிருந்து இறங்கி வடமேற்காகப் போனால் வரும் வெட்டவெளி.

தொகுதிக்குள் ஐந்து வார்டுகள்: டுக்கானா, மைக்கோனா, துர்பி, நார்த் ஹோர், இல்லெரெட். நார்த் ஹோர் என்ற பெயரில் ஒரு சிற்றூரும் உண்டு, தொகுதிக்குப் பெயர் அதிலிருந்துதான்.

எவ்வளவு பெரியது?

ஏறக்குறைய 39,000 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட அதே பரப்பு. பரப்பளவில் கென்யாவின் மிகப் பெரிய தொகுதி என்று இதைத்தான் சொல்கிறார்கள். கேரளத்தில் சட்டமன்ற உறுப்பினர்களே 140 பேர். இங்கே நாடாளுமன்றத்துக்கு ஒரே ஒரு உறுப்பினர், கவுன்டி அவைக்கு வார்டுக்கு ஒருவராக ஐந்து பேர். துர்பியில் ஒரு கூட்டம் முடித்துவிட்டு இல்லெரெட்டில் அடுத்த கூட்டம் என்றால் வேட்பாளர் ஒரு பாலைவனத்தைக் கடந்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படித்தால் இந்தத் தொகுதியின் அரசியல் பாதி புரிந்துவிடும்.

பாலைவனம் என்றால் மணல்மேடுகளா?

அங்கங்கே மணல் உண்டு. ஆனால் தொகுதியின் நடுவில் இருக்கும் சல்பி பாலைவனம் ஒரு பழைய ஏரியின் அடிமட்டம். ஏரி வற்றிப்போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன, உப்புப் படிந்த களிமண் தரை மட்டும் மிச்சம். காய்ந்திருக்கும்போது வெள்ளையாகப் பளபளக்கும், வண்டி அதில் நெடுஞ்சாலையைவிட வேகமாக ஓடும். மழை பெய்துவிட்டால் அதே தரை சேறாகிவிடும். லாரி அச்சு வரை இறங்கிவிட்டால் தரை காயும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சல்பி என்ற சொல்லுக்கு அங்குள்ள மக்களின் மொழியில் வெறுமையான உப்புநிலம் என்று பொருள் சொல்கிறார்கள்.

சல்பியின் விளிம்பில் ஊற்றுகள் உண்டு. கலாச்சா, நார்த் ஹோர், மைக்கோனா எல்லாம் ஊர்களாக நிற்பது அந்தத் தண்ணீரால்தான். கிளை விட்டு வளரும் ஒரு வகைப் பனைமரம் அங்கே கூட்டமாக நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தாலே அங்கே தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வடக்கே எல்லைப் பக்கம் ஹுரி குன்றுகள். பனிமூட்டமும் புல்லும் உள்ள இடம், ஆனால் நிலையான தண்ணீர் கிடையாது, அதனால் புல் இருந்தும் மாடு கன்றுகளை ஆண்டு முழுக்க அங்கே வைத்திருக்க முடியாது. கிழக்கே துர்பி பக்கம் டிடா கல்காலு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கருப்பு எரிமலைக் கற்கள். மேற்கே துர்கானா ஏரி, உலகில் பாலைவனத்தில் உள்ள நிலையான ஏரிகளில் மிகப் பெரியது.

இந்தப் பகுதி ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் எல் ஹாதி, எல் காதே என்று எல்-இல் தொடங்குபவை நிறைய வரும். எலா என்றால் கிணறு. எங்கே கிணறு வெட்டினார்களோ அங்கே பெயர் விழுந்திருக்கிறது.

அங்கே வாழும் மக்கள் யார்?

பெரும்பான்மை கப்ரா மக்கள். ஒட்டகம்தான் அவர்கள் வாழ்க்கை, கூடவே ஆடுகள், கொஞ்சம் மாடுகள். பேசுவது போரானா மொழி, ஒரோமோ மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியாவிலும் கப்ராக்கள் இருக்கிறார்கள், உறவு முறை, திருமணம் எல்லாம் எல்லை தாண்டித்தான் நடக்கிறது. ஃபோரோலே என்ற ஊர் கென்யாவில், அதன் தலைக்குமேல் நிற்கும் ஃபோரோலே மலை எத்தியோப்பியாவில். கப்ராக்களுக்கு அது புனித மலை. எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் இதையெல்லாம் கேட்டுப் போடவில்லை.

கப்ராக்களுக்குள் ஐந்து பெரும் கிளைகள்: அல்கானா, கல்போ, கார், ஒடோலா, ஷர்பானா. ஒவ்வொரு கிளைக்கும் யா என்ற ஒரு தலைமைக் குடியிருப்பு உண்டு. அதுவும் நகரும் குடியிருப்புதான். புனித முரசும், கொம்பும், தீக்கடைகோலும் அங்கேதான் இருக்கும், கிளையின் பெரியவர்கள் கூடி முடிவெடுப்பதும் அங்கேதான். இதை இப்போதே சொல்லக் காரணம், தேர்தல் கதை வரும்போது இந்த யா திரும்பவும் வரும்.

இல்லெரெட் வார்டு மட்டும் வேறு. ஏரிக்கரையில் உள்ள அந்தப் பகுதி தாசனச் மக்களுடையது. கால்நடையோடு மீன்பிடிப்பும் உண்டு. அவர்களுக்கும் பெரும்பகுதி உறவினர் எத்தியோப்பியாவில், ஓமோ ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் இருக்கிறார்கள்.

நாடோடிகள் என்றால் எல்லோரும் எப்போதும் நடந்துகொண்டேவா இருப்பார்கள்?

இல்லை, இது பொதுவாக இருக்கும் தவறான எண்ணம். இப்போது நிறையக் குடும்பங்கள் பள்ளி, மருந்தகம், கடை இருக்கும் ஊர்களை ஒட்டியே தங்குகின்றன. வொர்ரா என்பது குடும்ப வீடு இருக்கும் இடம், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், பால் தரும் சில ஒட்டகங்கள் அங்கே இருக்கும். ஃபோரா என்பது மேய்ச்சலைத் தேடி தூரத்தில் போடும் கிடை, இளைஞர்களும் பையன்களும் பெரிய மந்தையோடு மாதக்கணக்கில் அங்கே இருப்பார்கள்.

வீடு நகரும்போது அதைப் பிரித்து ஏற்றுவது பெண்கள் வேலை. மண்டஸ்ஸே என்று சொல்லும் அந்த வீடு வளைந்த கழிகளும் நார்ப் பாய்களும் தோலும் கொண்டது. பாய்களைச் சுருட்டி, கழிகளை ஒட்டகத்தின் இரு பக்கமும் கட்டினால் அவை விலங்கின் முதுகுக்கு மேலே வளைந்து கொம்பு மாதிரி நிற்கும். நடுவில் கோர்ஃபா என்ற பால்குடம் தொங்கும். நாரால் முடைந்தது, ஆனால் சொட்டுக்கூட ஒழுகாது, கங்கு போட்டுப் புகை காட்டித்தான் அதைச் சுத்தம் செய்வார்கள், பாலில் அந்தப் புகை வாசம் இருக்கும். ஒரு குடும்பத்தின் மொத்த வீடும் இப்படிச் சில ஒட்டகங்களில் ஏறிவிடும். அந்தக் கதவுக்கு எண் ஒட்டி, அந்த முகவரியை வாக்காளர் பட்டியலில் எழுத முடியாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் அவர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்?

கென்யாவில் நீங்கள் எந்த வாக்குச்சாவடியில் பதிந்தீர்களோ அங்கேதான் வாக்களிக்க முடியும். கிடையில் இருப்பவருக்குத் தபால் வாக்கு கிடையாது. பொதுத்தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று அரசியல் சட்டமே நாள் குறித்துவிட்டது.

இப்போது அந்த ஆகஸ்டை கப்ரா நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். மார்ச்சிலிருந்து மே வரை கன்னா என்ற பெருமழைக்காலம். அது முடிந்ததும் அதோலெஸ்ஸா என்ற உலர்காலம். அக்டோபரில் ஹகயா என்ற சிறுமழை வரும்வரை அதுதான். அதாவது ஆகஸ்டில் ஊருக்குப் பக்கத்தில் இருந்த புல் தீர்ந்திருக்கும், மந்தை தூரத்தில் இருக்கும், ஃபோராவில் உள்ள இளைஞர்கள் மந்தையை விட்டு நகர முடியாத மாதம் அது. ஒட்டகத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் நடந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பலர் அப்படி வருகிறார்கள். வேட்பாளர்கள் லாரி அனுப்பி ஆள் ஏற்றி வருவதும் வடகென்யா முழுக்க நடக்கும் விஷயம்தான். லாரி யாருடையது என்பதும் ஏறுகிறவருக்குத் தெரியும்.

வாக்குச்சாவடியை மக்கள் பக்கம் நகர்த்த முடியாதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நடமாடும் மருந்தகம் இருக்கிறது, கிடையோடு போகும் பள்ளிகளைக்கூட வடகென்யாவில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். வாக்குப் பெட்டி மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மோசடி பயம் என்ற காரணம் புரிகிறது, ஆனாலும் வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் ஒரு பகுதி ஒவ்வொரு தேர்தலிலும் விடுபட்டுப் போவது சின்ன விஷயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்காளர் அட்டை எல்லோருக்கும் இருக்கிறதா?

தனியாக வாக்காளர் அட்டை என்று ஒன்று வேண்டியதில்லை, தேசிய அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் இருந்தால்தான் பதிவு செய்யலாம், வாக்களிக்கலாம். சிக்கலே அந்த அடையாள அட்டையில்தான் இருந்தது. நைரோபியில் பிறந்த 18 வயதுப் பையன் விண்ணப்பித்தால் வரும் அட்டை, எல்லைக் கவுன்டிகளில் பிறந்தவருக்குக் கூடுதல் விசாரணைக்குப் பிறகுதான் வந்தது. பெரியவர்கள், அதிகாரிகள், பாதுகாப்புத் துறையினர் அடங்கிய குழு முன் நின்று நான் கென்யாக்காரன்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. குழு எப்போது கூடும் என்பது அவர்கள் கையில் இருந்தது. கிடையிலிருந்து நடந்து வந்த பையன் இன்று கூட்டம் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போனால் அடுத்து எப்போது வருவான்?

2025 பிப்ரவரியில் அதிபர் வில்லியம் ரூட்டோ வஜீரில் வைத்து இந்தக் கூடுதல் விசாரணையை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். நல்ல முடிவு. சுதந்திரம் கிடைத்து 60 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு வந்திருக்கிறது.

தேர்தல் நாளன்று என்ன நடக்கும்?

காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். ஒரு வாக்காளர் கையில் ஆறு வாக்குச்சீட்டுகள்: அதிபர், ஆளுநர், செனட்டர், நாடாளுமன்ற உறுப்பினர், கவுன்டியின் பெண் பிரதிநிதி, வார்டு உறுப்பினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஆறு பெட்டிகள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு இது லேசான காரியம் இல்லை.

உள்ளே போனதும் கைரேகை பார்க்கும் மின்னணுக் கருவியில் விரலை வைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கயிறும் வாளியும் இழுத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கிணற்றின் அடியிலிருந்து மேலே வரை ஆட்கள் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி ஏற்றும் வேலை அது. ரேகை பதியாவிட்டால் அடையாள அட்டை எண்ணை வைத்துச் சரிபார்க்க வழி இருக்கிறது, ஆனால் வரிசை நீளும்.

அப்புறம் சிக்னல், முடிவுகளை அனுப்ப அது வேண்டும். 2017 தேர்தலில் நாட்டின் 40,883 வாக்குச்சாவடிகளில் 11,155-க்கு மூன்றாம் தலைமுறை அலைபேசி வலையமைப்பு கிடையாது என்று தேர்தல் ஆணையமே அறிவித்தது. வடக்கில் உள்ளவையும் அதில் உண்டு. இப்படிப்பட்ட இடங்களுக்கு செயற்கைக்கோள் கருவிகள் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் தேர்தல் அலுவலர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை வண்டியில் போக வேண்டியிருக்கும்.

இதுவரை யாரெல்லாம் உறுப்பினராக இருந்திருக்கிறார்கள்?

1988-இலிருந்து எண்ணினால் நான்கே பேர். போனாயா கோதானா 1988-இலிருந்து 2006-இல் இறக்கும்வரை. பிறகு இடைத்தேர்தலில் உகுர் யதானி. 2007-இலிருந்து 2022 வரை மூன்று முறை பிரான்சிஸ் சாச்சு கன்யா. 2022-இல் கானு கட்சியின் வாரியோ குயோ அதே.

இத்தனை சின்ன வாக்காளர் எண்ணிக்கை உள்ள இடத்திலிருந்து வந்தவர்கள் போன உயரத்தைக் கவனிக்க வேண்டும். கோதானா ஜெனீவாவில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆப்பிரிக்க நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆறுகளைப் பற்றிய சட்டம் அவர் துறை. 1998-இலிருந்து 2001 வரை கென்யாவின் வெளியுறவு அமைச்சர். 1998 ஆகஸ்டில் நைரோபி அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். உகுர் யதானி 2013-இல் மார்சபிட் கவுன்டியின் முதல் ஆளுநர் ஆனார், பிறகு 2019-இலிருந்து 2022 வரை நாட்டின் நிதியமைச்சர். தார் ரோடு உள்ளுக்குள் எட்டாத ஒரு தொகுதியிலிருந்து நாட்டின் பட்ஜெட் பெட்டியைத் தூக்குகிற இடத்துக்கு ஒருவர் போனார் என்பது அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்லும் விஷயம். அப்படிப் போயும் எங்கள் ரோடு வரவில்லையே என்பதும் அதே மூச்சில் வரும்.

2006-இல் என்ன ஆயிற்று?

அதற்கு 2005-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2005 ஜூலை 12 விடியற்காலை, துர்பி என்ற ஊரை ஆயுதம் ஏந்திய கூட்டம் சூழ்ந்துகொண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம். 50 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அதில் 20-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். கப்ராக்களுக்கும் போரானாக்களுக்கும் இடையே தண்ணீர், மேய்ச்சல், அப்புறம் அரசியல் எல்லை என்று ஆண்டாண்டாகச் சேர்ந்த பகை அது. அன்றைக்கே பதிலுக்கும் கொலை நடந்தது. ஒரே மொழி பேசும் இரண்டு சமூகங்கள் இவை. கொல்ல வந்தவர்கள் போட்ட சத்தம் செத்தவர்களின் தாய்மொழியில் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனசு பாரமாகிறது.

அந்தப் பகையை ஆற்றுவதற்காக மார்சபிட்டில் ஒரு அமைதிக் கூட்டம் ஏற்பாடானது. 2006 ஏப்ரல் 10 அன்று, அதற்காகத் தலைவர்களை ஏற்றிப்போன கென்ய விமானப்படை விமானம் மார்சபிட் அருகே மலையில் மோதியது. 17 பேரில் 14 பேர் இறந்தார்கள். கோதானா, மொயாலே உறுப்பினர் குராச்சா கல்காலோ, சாக்கு உறுப்பினர் அப்டி சாசுரா, லைசமிஸ் உறுப்பினர் டைட்டஸ் ங்கோயோனி என மார்சபிட்டின் நான்கு தொகுதிகளும் ஒரே காலைப்பொழுதில் உறுப்பினர் இல்லாமல் ஆயின. நகுருவின் உறுப்பினரும் துணை அமைச்சருமான மிருகி கரியூகியும் அந்த விமானத்தில் இருந்தார். ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத சமூகங்களின் தலைவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சமாதானம் பேசப் போனபோது இப்படி ஆனது. ஜூலையில் ஐந்து தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது.

சமாதானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2009-இல் இரு பக்கப் பெரியவர்களும் கூடி மைக்கோனாவிலும் வல்டாவிலுமாக ஓர் உடன்பாட்டை அறிவித்தார்கள். சில ஆண்டுகள் அது தாங்கியது. அப்புறம் 2022 மே மாதம், பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, மார்சபிட்டில் கொலைகள் பெருகி அரசு இரவு ஊரடங்கு போட்டது. தேர்தல் ஆண்டும் துப்பாக்கிச் சத்தமும் சேர்ந்தே வருவதை அங்குள்ளவர்கள் தற்செயல் என்று சொல்வதில்லை.

எந்தக் கட்சி அங்கே பலமானது?

கட்சியை வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கோதானா கானு. கன்யா முதலில் ஆரஞ்சுக் கட்சி, 2017-இல் ஃபிரன்டியர் அலையன்ஸ் என்ற வட்டாரக் கட்சி. 2022-இல் வென்றவர் மறுபடி கானு, அதாவது 2002-க்குப் பிறகு நாடு முழுக்கத் தேய்ந்துபோன அந்தப் பழைய ஆளுங்கட்சி. கட்சிச் சின்னம் அங்கே ஒரு வண்டி மாதிரி, எது ஓடுகிறதோ அதில் ஏறிக்கொள்கிறார்கள்.

உள்ளே ஓடும் கணக்கு குலக்கணக்கு. ஐந்து கிளைகளில் யாருக்கு இந்த முறை, ஆளுநர் பதவிக்கு யார், நாடாளுமன்றத்துக்கு யார் என்று பெரியவர்கள் தேர்தலுக்கு வெகு முன்பே கூடிப் பேசுவார்கள். யாவின் ஆசி யாருக்கு என்பது பெரிய செய்தி. கென்யாவில் இதைப் பேச்சுவார்த்தை ஜனநாயகம் என்ற பொருளில் அழைக்கிறார்கள். கவுன்டி மட்டத்திலும் அப்படித்தான்: 2013-இல் ரெண்டில்லே, கப்ரா, புர்ஜி மூன்று சமூகங்களும் கைகோத்து, பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரெகாபு என்று அழைத்துக்கொண்டு, எண்ணிக்கையில் பெரிய போரானாக்களை எதிர்த்து ஆளுநர் பதவியைப் பிடித்தார்கள். 2017-இல் அந்தக் கூட்டு கலைந்தது, போரானா சமூகத்தின் மொஹமூத் அலி ஆளுநர் ஆனார், 2022-இலும் அவரே.

பெரியவர்கள் முடிவு செய்துவிட்டால் பிறகு தேர்தல் எதற்கு?

நியாயமான கேள்வி, இளைஞர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பெரியவர்கள் சொன்னதை மீறி நிற்பவர்களும் உண்டு, வென்றவர்களும் உண்டு. சண்டை வராமல் பதவியைப் பங்கிடுவதற்கு அந்த முறை உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை, துர்பியைப் பார்த்த இடத்தில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. மண்டஸ்ஸேவைக் கட்டுவதும் பிரிப்பதும் அவர்கள், தண்ணீர் சுமப்பது அவர்கள், வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர்களில் பெரும்பங்கும் அவர்கள், ஏனென்றால் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தானே. மேலே சொன்ன நான்கு உறுப்பினர்களும் ஆண்கள்.

இல்லெரெட் தாசனச் மக்களுக்கு என்ன இடம்?

வார்டு உறுப்பினர் அவர்களுடையவர். அதற்கு மேல் எண்ணிக்கை போதாது. அவர்களுடைய கவலைகளும் வேறு: ஏரி. துர்கானா ஏரிக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய 90 சதவீதம் எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றிலிருந்து. அதில் கிபே 3 என்ற பெரிய அணை 2016-இல் திறக்கப்பட்டது. 2018-இல் யுனெஸ்கோ துர்கானா ஏரிப் பூங்காக்களை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அணையால் ஏரி வற்றிவிடும் என்று பயந்தவர்கள் கண்முன்னே, மழை கூடிப்போய் ஏரி ஏறி வந்து கரையோர ஊர்களையும் மேய்ச்சலையும் மூழ்கடித்ததும் நடந்தது. தண்ணீர் கூடுவதும் குறைவதும் வேறொரு நாட்டில் தீர்மானமாகிறது, அந்த நாட்டில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

இந்த வார்டின் கரையிலும் அதை ஒட்டியும்தான் சிபிலோய் தேசியப் பூங்காவும் கூபி ஃபோராவும் இருக்கின்றன. ஆதிமனித எலும்புகளுக்காக உலகம் முழுக்கத் தெரிந்த இடம். இல்லெரெட் அருகே கிடைத்த காலடித் தடங்களுக்கு 15 லட்சம் ஆண்டு வயது.

இவ்வளவு குறைந்த மக்களுக்கு ஒரு தனித் தொகுதி ஏன்?

தெற்கில் உள்ளவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. கணக்கு இப்படி: 2009 கணக்கெடுப்பில் கென்யாவின் மக்கள்தொகை சுமார் 3.86 கோடி. 290 தொகுதிகளால் வகுத்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.33 லட்சம். 2010 அரசியல் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, நகரங்களிலும் மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிகளிலும் 40 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்கிறது. அந்தச் சலுகையைக் கொடுத்தும் எட்டாத தொகுதிகள் 27 இருந்தன, நார்த் ஹோரும் அதில் ஒன்று. முதல் எல்லைச் சீரமைப்பில் எந்தத் தொகுதியும் இல்லாமல் போகக்கூடாது என்ற இடைக்கால விதியால் 2012-இல் அவை தப்பின.

அடுத்த சீரமைப்பை 12 ஆண்டுக்குள், அதாவது 2024 மார்ச்சுக்குள் முடித்திருக்க வேண்டும். ஆனால் 2023 தொடக்கத்திலிருந்து 2025 ஜூலை வரை தேர்தல் ஆணையத்தில் ஆணையர்களே இல்லை. கெடு தாண்டிவிட்டது. அடுத்த முறை அந்த இடைக்காலப் பாதுகாப்பு கிடையாது.

பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாரோடு சேர்ப்பீர்கள்? சாக்குவோடு சேர்த்தால் கப்ராவும் போரானாவும் ஒரே நாற்காலிக்கு மோத வேண்டும். லைசமிஸோடு சேர்த்தால் கவுன்டியின் பெரும்பகுதி ஒரே ஆள் கையில் வரும். தலைகளை மட்டும் எண்ணினால் தெற்கின் வாதம் சரிதான். ஒரு உறுப்பினரைப் பார்க்க ஒருவர் எத்தனை நாள் பயணம் போக வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. 2020-இல் கவுன்டிகளுக்கு நிதி பங்கிடும் வாய்பாட்டை வைத்து செனட்டில் இதே சண்டைதான் வாரக்கணக்கில் நடந்தது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு ஒரு ஷில்லிங் என்றது ஒரு பக்கம், நிலப்பரப்பையும் வறுமையையும் பார் என்றது மார்சபிட் போன்ற கவுன்டிகளின் பக்கம்.

ஏன் இந்தப் பகுதி இவ்வளவு பின்தங்கியது?

பிரிட்டிஷ்காரர்கள் இதை வடக்கு எல்லை மாவட்டம் என்று தனியாக ஒதுக்கி, அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியாத பகுதியாக வைத்திருந்தார்கள். 1963-இல் சுதந்திரம் வந்ததும் சோமாலியாவோடு இணையக் கேட்டு எழுந்த ஷிஃப்டா போர், 1967 வரை. அதற்காகப் போட்ட அவசரகாலச் சட்டங்கள் வடக்கில் 1991 வரை நீடித்தன. இதற்கு நடுவே 1965-இல் அரசு வெளியிட்ட பத்தாம் எண் கொள்கை அறிக்கை, பணத்தை எங்கே போட்டால் விளைச்சல் அதிகமோ அங்கே போடுவோம் என்றது. மழையும் ரயிலும் இருந்த தெற்கு மேட்டுநிலத்துக்குப் பணம் போனது. மழை இல்லாத இடத்துக்குக் காத்திருப்பு மிஞ்சியது.

இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. இசியோலோவிலிருந்து மொயாலே வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தார் ரோடு பத்தாண்டுகளுக்குள் போட்டு முடிக்கப்பட்டது. முன்பு கல்லும் குழியுமாக, போலீஸ் காவலோடு வண்டிகள் கூட்டமாகப் போன பாதை அது. ஆனால் அது தொகுதியின் கிழக்கு ஓரத்தில் துர்பியையும் புபிசாவையும் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. டுக்கானாவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு அந்தத் தார் ரோடு பல மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது.

2013-இல் கவுன்டி அரசுகள் வந்த பிறகு மருந்தகங்கள், ஆழ்துளைக் கிணறுகள், கல்வி உதவித்தொகை எல்லாம் கூடியிருக்கின்றன. ஒரு கிணறு எங்கே தோண்டப்படுகிறது என்பது அங்கே பெரிய அரசியல் முடிவு. தப்பான இடத்தில் தோண்டினால் அதைச் சுற்றி நிரந்தரக் குடியிருப்பு வந்து, மழைக்கால மேய்ச்சல் அழிந்து, அடுத்த சமூகம் இது எங்கள் நிலம் என்று வந்து நிற்கும்.

பெரிய காற்றாலை இந்தத் தொகுதியில்தானே?

இல்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 365 காற்றாலைகள் உள்ள அந்தத் திட்டம் லோயங்கலானி பக்கம், லைசமிஸ் தொகுதியில்.

வறட்சி வந்தால் ஆட்சி மாறுமா?

2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து பொய்த்தன. நாற்பது ஆண்டில் இல்லாத வறட்சி என்றார்கள், மார்சபிட் மிக மோசமாக அடிபட்ட கவுன்டிகளில் ஒன்று. நடுவில்தான் 2022 ஆகஸ்ட் தேர்தல். ஊர்களைச் சுற்றிக் கால்நடைகளின் காய்ந்த உடல்கள் கிடந்த ஆண்டு அது. பஞ்ச காலத்தில் தண்ணீர் லாரி அனுப்பியவரை மறக்க மாட்டார்கள், அனுப்பாதவரையும் மறக்க மாட்டார்கள். அதே சமயம் மந்தையை இழந்த குடும்பம் நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பேச வேண்டிய நிலைக்கு வந்துவிடும், பட்டியலை யார் எழுதுகிறார்களோ அவர்கள் கை ஓங்கும். நூறு ஒட்டகம் வைத்திருந்தவர் யாருக்கும் பணிந்து பேச வேண்டியதில்லை. ஒன்றும் மிஞ்சாதவர் என்ன செய்வார்?

அடுத்த தேர்தல் எப்போது, எதைக் கவனிக்கலாம்?

2027 ஆகஸ்ட் 10. நான் கவனிக்கப் போவது முதலில் பதிவு எண்ணிக்கையை. விசாரணைக் குழு இல்லாமல் அடையாள அட்டை வாங்கும் முதல் தலைமுறை அப்போது வாக்களிக்கும். டுக்கானாவிலும் இல்லெரெட்டிலும் எத்தனை பேர் புதிதாகப் பட்டியலில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்த ஆண்டு கன்னா மழை எப்படி என்பதை. மே மாதம் நன்றாகப் பெய்திருந்தால் ஆகஸ்டிலும் மந்தைகள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும், பையன்கள் காலையில் ஒட்டகத்தை ஓட்டிவிட்டு மத்தியானம் வந்து வரிசையில் நின்றுவிடலாம்.